கடைசிப் படகிலிருந்து கணக்குப் போடுங்கள்: கோலாலம்பூரிலிருந்து கெத்தாம் தீவுக்கு ரயிலில் ஒரு நாள்

பட்டுக்கோட்டையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த என் சித்தி மகன், முதல் விடுமுறை கிடைத்ததுமே "அண்ணே, கடலுக்குப் போலாமா?" என்று கேட்டான். சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குத் தோளில் துண்டு, பையில் மாற்றுத் துணி, சோப்பு டப்பா சகிதம் வந்து நின்றான். ஒன்றே கால் மணி நேரம் கழித்து ரயில் கடைசி நிலையத்தில் நின்றது. எதிரே ராட்சத கிரேன்கள், அடுக்கிய கொள்கலன்கள், தேநீர் நிறத்தில் தண்ணீர். "கடல் எங்கண்ணே?" என்றான்.

தப்பு என்னுடையதுதான், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதனால் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து நேரே ரயிலில் போய்ச் சேரும் பக்கத்துக் கடலோர ஊர் போர்ட் கிள்ளான். அங்கே மெரினா மாதிரி மணல் கிடையாது, குளிக்கவும் முடியாது. சேறும் சதுப்புக் காடும் துறைமுகமும்தான். ஆனால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து படகு ஏறினால், தூண்களின்மேல் ஒரு ஊரே நிற்கும் கெத்தாம் தீவு. திரும்பும் வழியில் கிள்ளான் பட்டணம், அதன் தமிழ்க் கடைத்தெரு. இந்த மூன்றையும் கோத்தால் நல்ல ஒரு நாள். கட்டாயம் குளித்தே ஆக வேண்டுமென்றால் போர்ட் டிக்சன் போங்கள். ஆனால் அங்கே பயணிகள் ரயில் போவதில்லை. சிரம்பான் வரை ரயில், பிறகு பேருந்து.

நேரத்தைப் பின்னாலிருந்து பாருங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று ஆரம்பிப்பது. நான் எப்போதும் தீவிலிருந்து கிளம்பும் கடைசிப் படகிலிருந்து ஆரம்பிப்பேன். அந்தப் படகு மாலையிலேயே போய்விடும், இருட்டும் வரை உங்களுக்காகக் காத்திருக்காது. வார நாளுக்கும் வார இறுதிக்கும் நேரம் வேறுபடும். ஆகவே போகும்போதே படகுத்துறைச் சீட்டு முகப்பில் அன்றைய நேரத்தைக் கேட்டு, பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை ஏமாற்றும் இன்னொரு விஷயம் சூரியன். இங்கே சூரியன் மறைய மாலை ஏழே கால் ஆகிவிடும். ஐந்தரை மணிக்கு ஊரில் நான்கு மணி வெயில் மாதிரி அடிக்கும். "இன்னும் பொழுதிருக்கே" என்று உட்கார்ந்திருப்பீர்கள், படகு போயிருக்கும். காலையிலும் அப்படித்தான், ஏழு மணிக்குத்தான் வெளுக்கத் தொடங்கும். ஆறு மணிக்கு எழுந்து இருட்டைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிடாதீர்கள்.

நான் போடும் கணக்கு இது. கடைசிப் படகுக்கு முந்தைய படகில் திரும்புவது என்று முடிவு செய்துகொள்வேன். கடைசிப் படகு கைவசம் இருப்பு மாதிரி. மூன்று, மூன்றரை மணிக்குத் தீவை விட்டால் நான்கு மணி சுமாருக்குப் போர்ட் கிள்ளான், ஐந்துக்குள் கிள்ளான் பட்டணம். தீவில் நான்கு மணி நேரம் வேண்டுமென்றால் பதினொரு மணிக்குள் அங்கே கால் வைக்க வேண்டும். படகுக்கு முக்கால் மணி, காத்திருக்கக் கொஞ்சம், ரயிலுக்கு ஒன்றே கால் மணி. ஆக, கேஎல் சென்ட்ரலில் காலை எட்டு மணிக்கெல்லாம் ரயிலில் இருக்க வேண்டும்.

முதல் நாள் இரவு எடுத்து வைக்க வேண்டியவை

டச் அண்ட் கோ என்ற பயண அட்டையில் இருபது முப்பது வெள்ளியாவது (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்) போட்டு வையுங்கள். ரயிலுக்கு அதுவே போதும், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்டினால் சரி. கட்டணம் ஒரு வழிக்குப் பத்து வெள்ளியைத் தொடாது. படகுக்கும் தீவுக் கடைகளுக்கும் சில்லறையாக ரொக்கம் வேண்டும். நூறு வெள்ளித் தாளை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

கடப்பிதழும் வேலை அனுமதியும் கையில் இருக்கட்டும். தீவுக்குப் போக அவை தேவையில்லை, அதுவும் சிலாங்கூர் மாநிலம்தான். ஆனால் வெளிநாட்டுக்காரர் எங்கே போனாலும் ஆவணத்தோடு போவதுதான் இங்கே முறை. வழியில் யாராவது கேட்டால் "ரூம்ல இருக்கு" என்ற பதில் செல்லாது.

தொப்பி, குடை, தண்ணீர், கொசுத் தைலம். கொசுவைச் சும்மா சொல்லவில்லை. 1901-இல் இந்தத் துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியா தாக்கி, மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனது. மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பை வடித்து, வடிகால் வெட்டி, கொசுவை ஒழித்துத்தான் ஊரைக் காப்பாற்றினார். இப்போது அந்தப் பயம் இல்லை, ஆனால் கண்டல் காட்டுக் கொசு கடிக்கத்தான் செய்யும். அப்புறம் ஒரு மெல்லிய சால்வை. ரயிலில் குளிர்சாதனம் எலும்பு வரை இறங்கும்.

சென்ட்ரலில் எந்த ரயில்?

பசியாறிவிட்டு ஏறுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் தெரு பக்கத்தில்தான் இருக்கிறது. இட்லியோ ரொட்டி சானாயோ, எது வாகோ அது.

கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி என்ற நகர ரயில், விமான நிலைய ரயில், தூர ரயில் எல்லாம் ஒரே கூரைக்கடியில் இருப்பதால் முதல் தடவை தலை சுற்றும். நீங்கள் தேட வேண்டியது கேடிஎம் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயில். தடுப்பு வாயிலில் அட்டையைத் தட்டி, கீழே நடைமேடைக்கு இறங்க வேண்டும்.

இரண்டு கொம்யூட்டர் தடங்கள் இங்கே சந்திக்கின்றன. ஒன்று பத்துமலையிலிருந்து சிரம்பான் வழியாகப் புலாவ் செபாங் போவது. மற்றொன்று தஞ்சோங் மாலிமிலிருந்து போர்ட் கிள்ளான் போவது. உங்களுடையது இரண்டாவது. ஆனால் பலகையில் போர்ட் கிள்ளான் என்று இருக்காது, மலாயில் "பெலாபுஹான் கிளாங்" என்றிருக்கும். பெலாபுஹான் என்றால் துறைமுகம். இந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஏறிய பிறகும் சந்தேகமா? அடுத்த நிலையத்தைப் பாருங்கள். அப்துல்லா ஹுக்கூம் வந்தால் சரியான ரயில். மிட் வேலி வந்தால் தவறான ரயில், உடனே இறங்கி எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போய்ச் சென்ட்ரலுக்கே திரும்புங்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் ஒரு முறை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போய் காஜாங்கில்தான் விழித்தேன்.

பெட்டிகளில் நடுவே இளஞ்சிவப்பு அடையாளம் போட்டது பெண்களுக்கு மட்டும். "கோச் வனிதா" என்று எழுதியிருக்கும், நம்முடைய அதே வனிதாதான். ஆண்கள் தெரியாமல் ஏறி உட்கார்ந்து, எல்லாரும் பார்ப்பது ஏன் என்று விழிப்பது வாரம்தோறும் நடக்கும் காட்சி. கொம்யூட்டர், எல்ஆர்டி மாதிரி ஐந்து நிமிடத்துக்கொன்று வராது. ஒன்றை விட்டால் அரை மணிக்குக் குறையாமல் நிற்க நேரலாம், அட்டவணையை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

வழியில்

சுமார் நாற்பது கிலோமீட்டர். சன்னல் காட்சி பிரமாதம் என்று பொய் சொல்ல மாட்டேன்: அடுக்குமாடி, தொழிற்சாலை, நெடுஞ்சாலையின் முதுகு. அங்காசாபுரி நிலையம் வரும்போது மட்டும் நிமிர்ந்து பாருங்கள். அரசாங்க வானொலியும் தொலைக்காட்சியும் அங்கேதான், மின்னல் எஃப்எம் தமிழ் ஒலிபரப்பு அங்கிருந்துதான் வருகிறது. அப்புறம் சுபாங் ஜெயா, ஷா ஆலாம் வரை கண்ணை மூடலாம்.

இந்தத் தடத்துக்கு வயது அதிகம். சிலாங்கூரின் முதல் ரயில் 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ஓடியது. அங்கே ஆறு குறுக்கே நின்றதால் ரயில் நின்றுவிட்டது. 1890-இல் பாலம் போட்டுக் கிள்ளானுக்குள் வந்தது. ஆற்றுத்துறையில் பெரிய கப்பல் வர முடியவில்லை என்பதால் முகத்துவாரத்தில் புதுத் துறைமுகம் கட்டி, ரயிலையும் அங்கே நீட்டினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் பெயரால் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்றழைத்தார்கள். 1972-இல்தான் போர்ட் கிள்ளான் என்று மாறியது. என் பாட்டி கடைசிவரை பழைய பெயரைத்தான், அதையும் தன் வாய்க்கு வந்தபடி, சொல்லிக்கொண்டிருந்தார்.

முக்கியமான எச்சரிக்கை. "கிள்ளான்" நிலையம் வரும்போது பாதி ரயில் காலியாகும். நீங்களும் கூட்டத்தோடு இறங்கிவிடாதீர்கள். அதற்குப் பின் தெலுக் பூலாய், தெலுக் காடோங், கம்போங் ராஜா ஊடா, ஜாலான் கஸ்தாம். ஐந்தாவதுதான் உங்கள் நிலையம். தண்டவாளமே அங்கே முடிந்துவிடும், தவறவிட வழியில்லை.

படகுத்துறை

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நடக்கும் தூரம்தான், ஐந்து நிமிடம். வாடகைக் காடிக்காரர் (காடி என்றால் இங்கே கார்) யாராவது "தூரம்" என்று சொன்னால் சிரித்துவிட்டு நடங்கள். யாரைக் கேட்டாலும் "ஜெட்டி, புலாவ் கெத்தாம்" என்றால் கை காட்டுவார்கள். தீவின் பெயரையும் சேர்த்தே கேளுங்கள். போர்ட் கிள்ளானிலிருந்து இந்தோனேசியாவுக்கும் படகு போகிறது, வெறும் "ஜெட்டி" என்றால் வேறு எங்கேயாவது அனுப்பிவிடலாம்.

மூடிய குளிர்சாதனப் படகு, சிறு விரைவுப் படகு என இரண்டும் இருக்கும். முதல் தடவை என்றால் பெரிய படகே நல்லது. ஏறியதும் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பின்பக்கம் திறந்த இடம் இருந்து, படகுக்காரர் விட்டால், அங்கே நில்லுங்கள். நங்கூரமிட்ட கப்பல்களுக்கு அருகில் போவீர்கள், ஒவ்வொன்றும் ஊர்க் கோபுரத்தைப் படுக்கவைத்த மாதிரி. மலாய்க்காரர்களும் கப்பலை "காப்பால்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நாம்தான் கொடுத்தோம் என்று சித்தி மகனிடம் சொன்னேன். "கப்பலையும் நாமே வச்சிருக்கலாம்" என்றான்.

இந்தத் தண்ணீரில்தான் நம்மவர்கள் வந்து இறங்கினார்கள். சென்னை, நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு தொட்டு, இங்கே வந்து, சிங்கப்பூர் போகும் தடம். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் பல பத்தாண்டுகள் அதில் ஓடியது. தோட்டத்துக்குப் போகுமுன் நோய்த் தடுப்பு முகாமில் நாள்கணக்கில் அடைத்து வைப்பார்கள். பாட்டி அந்த முகாமைப் பற்றி அதிகம் பேசியதில்லை, அங்கே போட்ட மருந்துத் தண்ணீரின் வாடையை மட்டும் சொல்லுவார். இன்று அதைக் காட்டும் பலகை எதையும் தேடி அலைய வேண்டாம். படகிலிருந்து கரையைத் திரும்பிப் பாருங்கள், அவ்வளவுதான்.

துறைமுகம் பின்னால் போனதும் இருபக்கமும் கண்டல் காடு சூழும். இங்கே பாக்காவ் மரம் என்பார்கள், நம் ஊரில் அலையாத்தி. அதுவரை உம்மென்று இருந்தவன் எழுந்து நின்று, "அண்ணே, இது நம்ம முத்துப்பேட்டை மாதிரில்ல இருக்கு!" என்றான். துண்டைப் பற்றிய வருத்தம் அங்கே போயிற்று.

சில படகுகள் வழியில் சுங்கை லீமா என்ற இன்னொரு மீனவர் ஊரைத் தொட்டுப் போகும். நான்கு பேர் எழுந்தார்கள் என்று நீங்களும் இறங்காதீர்கள். பெரிய படகுத்துறை, கடைகள், சைக்கிள் கூட்டம் தெரிந்தால் அதுதான் கெத்தாம்.

தீவில் என்ன செய்வது

கெத்தாம் என்றால் மலாயில் நண்டு. பெரும்பாலும் சீனர்கள், ஹொக்கியன், தியோச்சு பேசும் மீனவக் குடும்பங்கள். வீடு, கோவில், பள்ளிக்கூடம், கடை எல்லாம் சேற்றில் ஊன்றிய தூண்களின்மேல். காடி, லோரி எதுவும் கிடையாது. நடைபாதைதான் தெரு, சைக்கிளும் மின்சார சைக்கிளும்தான் வண்டி.

இறங்கியதும் சைக்கிள் வாடகைக்குக் கூப்பிடுவார்கள். எடுங்கள், ஆனால் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். நடைபாதை குறுகல், பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது, கீழே சேறு. ஊர்ப் பிள்ளைகள் மின்சார சைக்கிளில் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார்கள். ஓரம் வாங்கி நின்று விடுங்கள். சின்னக் குழந்தைகளோடு போனால் நடப்பதே மேல், ஊர் ஒன்றும் பெரிதில்லை.

கடைத்தெருவில் கருவாடு, இறால் வற்றல், மீன் அப்பளம் குவிந்திருக்கும். வாங்குவதானால் கிளம்பும் நேரத்தில் வாங்குங்கள், இரட்டைப் பையில் கட்டச் சொல்லுங்கள். குளிர்சாதன ரயிலில் ஒன்றே கால் மணி நேரம் கருவாட்டோடு உட்கார்ந்தால் உங்களைச் சுற்றி இடம் தாராளமாகக் கிடைக்கும்.

கடைத்தெருவோடு திரும்பிவிடாதீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். குடியிருப்புப் பக்கம் போங்கள். வலை பின்னுகிறவர், வாசலில் சாமி மாடம், சின்னச் சின்ன சீனக் கோவில்கள், பாலத்தடியில் நண்டும் சேற்றில் துள்ளும் மீனும். வீடுகள் நடைபாதையை ஒட்டியே இருப்பதால் வரவேற்பறைக்குள்ளேயே நடப்பது போலிருக்கும். உள்ளே எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். ஆளைப் பார்த்தால் தலையசைத்துச் சிரியுங்கள், அவர்களும் சிரிப்பார்கள்.

நீர் ஏற்ற நேரத்தில் வீடுகளுக்கடியில் தண்ணீர் தளும்பும், பார்க்க அழகு. இறங்கிய நேரத்தில் சேறும், அதில் சிக்கிய குப்பையும், வாடையும் இருக்கும். கெத்தாமைப் பிடிக்கவில்லை என்று சொன்ன என் நண்பர்கள் அனேகமாக இறக்க நேரத்தில் போனவர்கள். போர்ட் கிள்ளான் நீரேற்ற நேரத்தை இணையத்தில் பார்த்து, நடுப்பகலில் ஏற்றம் உள்ள நாளாகத் தேர்ந்தெடுத்தால் யோகம்.

சாப்பாட்டைப் பற்றி நேராகச் சொல்கிறேன். நண்டு, இறால், மீன் சாப்பிடுபவர்களுக்கு இது சொர்க்கம். ஆனால் தட்டில் வந்தபின் விலை கேட்காதீர்கள், எடை எவ்வளவு, கிலோ என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். பல கடைகள் பன்றி இறைச்சியும் சமைப்பவை, முஸ்லிம் அன்பர்கள் ஹலால் பலகை பார்த்தே உட்காருங்கள். சைவக்காரர்கள் பாடு திண்டாட்டம். கீரை வறுவல் கேட்டாலும் இறால் வற்றலோ பெலாச்சான் என்ற இறால் விழுதோ சேர்ந்து வரும். "சாயுர் சஹாஜா, தா மாவு ஈக்கான், தா மாவு ஊடாங், தா மாவு பெலாச்சான்" (காய்கறி மட்டும், மீன் வேண்டாம், இறால் வேண்டாம், பெலாச்சான் வேண்டாம்) என்று அடுக்கிச் சொல்லுங்கள். அதைவிடச் சுலபம், பிரிக்ஃபீல்ட்ஸிலேயே எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்வது. என் அத்தை அப்படித்தான் செய்வார், படகுத்துறை நிழலில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவார்.

சீனப் புத்தாண்டு வாக்கில் போகாதீர்கள். ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளால் படகு நிரம்பி வழியும். மழைக்கு ஒரு வார்த்தை: இங்கே பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். வானம் கறுத்தால் அடுத்த படகிலேயே ஏறிவிடுங்கள்.

திரும்பும்போது கிள்ளானில் இறங்குங்கள்

காலையில் இறங்காதீர்கள் என்றேனே, அந்தக் கிள்ளானில் இப்போது இறங்கலாம். படகுக் கவலை தீர்ந்தது, இனி ரயில் மட்டும்தான். நிலையத்திலிருந்து சிறிது நடந்தால் ஜாலான் தெங்கு கிளானா, லிட்டில் இந்தியா. மல்லிகைச் சரம், முறுக்கு, பாத்திரக் கடை, துணிக்கடை, மசாலா அரைக்கும் வாசம். கோலாலம்பூரில் சுற்றுலாக்காரருக்காக அலங்கரித்த மாதிரி இல்லாமல், இங்கே குடும்பங்கள் மாதச் சாமான் வாங்க வருவதால் எனக்கு இந்தத் தெருதான் பிடிக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடக்கவே இடமிருக்காது. அதைப் பார்க்கவே வருபவர்களும் உண்டு.

வாழையிலைச் சாப்பாடு மதியத்தோடு பல கடைகளில் முடிந்துவிடும். மாலையில் தோசை, வடை, தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) என்று எதிர்பார்த்துப் போங்கள். கோவிலுக்குப் போக நினைத்தால் பெர்சியாரான் ராஜா மூடா மூசா சாலையில் சுந்தரராஜப் பெருமாள் கோவில் இருக்கிறது, 1892-இல் தோன்றியது. தென்கிழக்காசியாவின் திருப்பதி என்பார்கள். நடக்காமல் கைப்பேசிச் செயலியில் கிரேப் வாடகைக் கார் பிடித்துக்கொள்ளுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் அதற்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்க வேண்டும், தீவோடு சேர்த்து முடியாது.

எட்டு மணிக்குள் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். இந்த முறை நடைமேடை மாறும். தஞ்சோங் மாலிம் போகும் ரயில் எந்தப் பக்கம் என்று பலகையைப் பாருங்கள், இல்லாவிட்டால் மறுபடி கிரேன்களுக்கே போய்ச் சேருவீர்கள். ஏறியதும் அரை மணி நேரத்துக்குக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். நாள் முழுக்க வெயில், வயிறு நிறையச் சாப்பாடு, குளிரும் ரயில்: தூக்கம் அடித்துப் போடும். இந்த ரயில் சென்ட்ரலோடு நிற்பதில்லை, பேராக் எல்லை வரை போகும். சித்தி மகன் அதற்கடுத்த மாதம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு தானே போனான், இம்முறை துண்டு இல்லாமல். இரவு பத்தரைக்குக் கூப்பிட்டு, "அண்ணே, ரவாங்னு ஒரு ஊரு, அது எங்க இருக்கு?" என்று கேட்டான்.